இரவு 2 மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கத்துக்கு விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

வருகிற காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு இரண்டு இரவு வெளியில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அவரையும் சேர்த்து ஆறு பேர்: ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர், 11 வயது மகன், 5 வயது மகள், 66 வயது மாமியார், கொழுந்தனார். மாமியாருக்கு 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வருகிறது, இன்ஹேலர் கைவசம் இருக்கிறது. மகன் போன கோடையில் நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டான்.

மூன்று இடங்கள் பேச்சில் இருக்கின்றன. கணவர் விரும்புவது ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையில் தனியார் ஒருவர் வாடகைக்கு விடும் கூடாரங்கள். கொழுந்தனார் சொல்வது அஞ்செட்டிப் பக்கம் அவருடைய நண்பருக்குச் சொந்தமான காட்டோர நிலம். மூன்றாவது, கிருஷ்ணகிரி அணைக்கு அருகே கணவரின் தாய்மாமாவுக்கு இருக்கும் மாந்தோப்பு. "தோப்பு நம் வீடு மாதிரி, பயமே இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லதா, கூடாரத்தைச் சுற்றி உப்பும் கார்பாலிக் அமிலமும் போட்டு விடிய விடிய நெருப்பு எரியவிட்டால் போதுமா, இரவுக் குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா, நம் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால் காய்ச்சி எடுத்துப் போனால் சரியாகிவிடுமா என்பவை அவருடைய மற்ற கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்தேன். ஆறு, மலை, தோப்பு மூன்றுமே காலை வெயிலிலோ மாலை மஞ்சளிலோ எடுக்கப்பட்டவை. தங்குமிடத்தை எல்லோரும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் பல ஆண்டுகள் ஒரு வட்ட மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தவன் என்ற முறையில், ஓர் இடத்தை இரவு 2 மணிக்கு நினைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பழக்கத்துக்குக் காரணமான ஒரு விடியற்காலையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

மணி நாலரை இருக்கும். ஒரு தகப்பன் எட்டு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "வயித்து வலிங்கய்யா, ராத்திரி பரோட்டா சாப்பிட்டான், ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான்" என்றார். பையனின் உடம்பில் வீக்கமில்லை, பல் பதிந்த தடயமும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது என்னைப் பார்ப்பதற்காக அவன் தாடையைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்தான். கண்ணிமைகள் மேலே எழவில்லை. எங்கே படுத்திருந்தான் என்று கேட்டதற்குக் காவலுக்குப் போன கொட்டகையில், தரையில், பாயில் என்றார் அப்பா. கட்டுவிரியன் கடித்திருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். அந்தக் கொட்டகைக்கும் மருத்துவமனைக்கும் இடையே 9 கிலோமீட்டர் தார்ச்சாலை இருந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வண்டி இருந்தது, அப்பா விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் கதை வேறு.

ஆகவே மூன்று இடத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறேன். தரையிலிருந்து உயரமாகப் படுக்க வழி இருக்கிறதா, கழிப்பறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, கார் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்குமா, அங்கிருந்து இரவில் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகும். அழகு, குளிர்ச்சி, பிள்ளைகளின் சுவாரசியம் எல்லாம் இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு.

ஆற்றங்கரைக் கூடாரங்கள்

உங்கள் கணவர் "செப்டம்பர் கடைசியில் தண்ணீர் குறைந்துவிடும், கரையில் தங்கினால் பயமில்லை" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏறுவதற்கு ஒகேனக்கல்லில் மழை பெய்ய வேண்டியதே இல்லை. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால் நம் பக்கம் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறும். இடைப்பட்ட பகுதியில் பெய்யும் கனமழையும் அதோடு சேர்ந்துகொள்ளும். நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகளை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து நாள்தோறும் செய்தியில் வருகிறது. வரத்து கூடும்போது பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. அந்தத் தடை சுற்றுலாத் துறையைப் பற்றியது, நாம் தங்கும் தனியார் நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். அருவியில் குளிக்க ஆகாத தண்ணீர் அதன் கரையில் தூங்கவும் ஆகாது.

மகனுடைய நீச்சலைப் பற்றி நீங்கள் பெருமையாக எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நாலடிக் குளத்தில், நீலத் தரை தெரிய, நேர்கோட்டில் நீந்திய பையனுக்கு ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குடைந்த குழிகள் இருக்கின்றன. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழத்துக்குப் போய்விடலாம். பாசி பிடித்த பாறையில் பெரியவர்களே நிற்க முடியாது. அந்தப் பகுதிக் காவிரியில் முதலைகள் இருக்கின்றன. ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையமே இருக்கிறது. காற்றடித்த ரப்பர் வளையம் உயிர்காப்புச் சட்டைக்கு ஈடாகாது, குழந்தை தலைகீழாகக் கவிழ்ந்தால் வளையம் இடுப்போடு மேலே நிற்கும். பரிசலில் ஏறினால் ஆறு பேரும், "எனக்கு எதற்கு" என்று சொல்லப்போகும் கொழுந்தனார் உட்பட, அளவான உயிர்காப்புச் சட்டையைக் கொக்கி போட்டு அணிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைக் கணக்குக்கு வருகிறேன். ஒகேனக்கல்லிலிருந்து மேலே ஏறிவந்தால் பென்னாகரம் அரசு மருத்துவமனை. அதற்கு மேல் தேவைப்பட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; ஒகேனக்கல்லிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரையிலான பாதை காட்டுக்குள் வளைந்து வருவது, யானை குறுக்கிடுவதும் உண்டு. பகலில் அது ரசிக்கத்தக்க பயணம். மூச்சுத் திணறும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவில் வரும் பயணம் அல்ல. ஊருக்குள் இருக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல் போன்ற கட்டடத்தில் தங்குவதென்றால் என் மறுப்பு பாதியாகக் குறையும். ஆற்றோரக் கூடாரத்துக்கு, இந்தப் பருவத்தில், இந்தக் குடும்பத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

காட்டோர நிலம்

கொழுந்தனாரின் யோசனையை நீண்ட நேரம் விவாதிக்க வேண்டியதில்லை. பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு ஆண்டுதோறும் வரும் காலம் அக்டோபரை ஒட்டித் தொடங்குகிறது; ராகி கதிர் முற்றும் வாசம் அவற்றுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் காட்டோரத்தில் அரிசி, வாழைப்பழம், உப்பு, வெல்லம் எல்லாம் உள்ள ஒரு துணிக் கூடாரம் இருப்பது நல்லதில்லை. நெருப்பைக் கண்டு யானை ஒதுங்கிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பட்டாசுச் சத்தத்துக்கும் விளக்குக்கும் பழகிப்போன யானைகள் இருக்கும் பகுதி அது.

சட்டம் பற்றியும் ஒரு வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் கணிசமான பகுதிகள் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்திலும், 2022இல் அறிவிக்கப்பட்ட 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்திலும் அடங்குகின்றன. நண்பரின் நிலம் பட்டா நிலமாகவே இருக்கட்டும். வேலியைத் தாண்டி "ஓடை வரைக்கும் சும்மா நடந்துவிட்டு வரலாம்" என்று போனால் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாத நுழைவு. காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதும் குற்றம். அபராதத்தைவிட எனக்குக் கவலை, அங்கே செல்பேசிக்கு சிக்னல் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதுதான். 108ஐ அழைக்க முடியாத இடத்துக்கு இன்சுலின் போடும் பெரியவரையும் மூச்சிரைப்புக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கொழுந்தனார் நண்பர்களோடு வேறொரு நாள், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போகட்டும்.

மாந்தோப்பும் அதன் கிணறும்

நான் தேர்ந்தெடுப்பது தோப்பைத்தான். அரசு மருத்துவமனை 12 கிலோமீட்டர் என்கிறீர்கள். கார் தோப்புக்குள் வரும். மோட்டார் கொட்டகையை ஒட்டிக் கழிப்பறை இருக்கிறது. தாய்மாமா வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் "பயமே இல்லை" என்ற உங்கள் வரியை மட்டும் திருத்த வேண்டும். மூன்று இடங்களில் மிகக் குறைவாக யோசித்து நீங்கள் எழுதியிருப்பது தோப்பைப் பற்றித்தான், ஏனென்றால் அது சொந்த இடம்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், "கிணற்றடியில் கூடாரம் போட்டால் தண்ணீர் வசதி" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டக் கிணறுகள் எப்படிப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும்: பாறையை வெட்டி இறக்கிய அறுபது எழுபது அடிப் பள்ளம், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, ஓரத்தில் புல் வளர்ந்து விளிம்பையே மறைத்திருக்கும். தாய்மாமா வீட்டுப் பிள்ளைகள் அதன் ஓரத்தில் நடந்தே வளர்ந்தவர்கள். உங்கள் 5 வயது மகள் அப்படியல்ல. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தூக்கக் கலக்கத்தில் திசை மாறும் பெரியவர்களுக்கும் அது பொருந்தும். கூடாரம் கிணற்றிலிருந்து குறைந்தது நூறடி தள்ளி, கழிப்பறைக்கு எதிர்த்திசையில் கிணறு வரும்படி இருக்கட்டும். நடுவில் கயிறு கட்டி வெள்ளைத் துணிகளைத் தொங்கவிடுங்கள், இரண்டு இரவும் அங்கே ஒரு விளக்கு எரியட்டும். கிணற்றில் குதித்து நீந்துவது இந்தப் பயணத்தில் வேண்டாம்.

அடுத்தது மின்வேலி. தாய்மாமா போட்டிருக்க மாட்டார், நம்புகிறேன். பக்கத்துக் காட்டுக்காரர் பன்றிக்காக இரவில் கம்பியில் நேரடியாக மின்சாரம் விடுகிறாரா என்று அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் மூன்று யானைகள் செத்துவிழுந்தன. மனித உடம்புக்கு அதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பதில் தெளிவாக இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு ஒருவரும் தோப்பின் எல்லையைத் தாண்டக் கூடாது.

கூடாரத்தை மரத்தடியில் போட வேண்டாம். காய்ப்பு முடிந்த தோப்பில் சருகு மெத்தைபோல் கிடக்கும், அதற்குள் எலி, எலிக்குப் பின்னால் கண்ணாடிவிரியன். செப்டம்பர் மாலைகளில் இடியும் அதிகம். களம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சாணம் மெழுகிய அந்தத் திறந்த களம்தான் சரியான இடம். சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டித் தள்ளிவிடச் சொல்லுங்கள். இடி கேட்டால் எல்லோரும் கூடாரத்தை விட்டுக் காருக்குள்ளோ தாய்மாமா வீட்டுக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு திரும்பலாம்.

பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்ற குறைக்கு வழி இருக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் கிளம்பி ஒகேனக்கல் போய், பரிசல் ஓடுகிற நாளாக இருந்தால் பரிசலில் போய், மீன் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மலையேறித் திரும்பிவிடுங்கள். உங்கள் கணவருக்கும் ஆறு கிடைத்துவிடும். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் கூப்பிடுவார்கள். அத்தையை எண்ணெய்க் காலோடு பாறையில் நடக்கவிட வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து வந்த இரண்டு பாட்டிமார்களை எனக்குத் தெரியும்.

உப்பு, கார்பாலிக் அமிலம், நெருப்பு

உப்புக் கோட்டைப் பாம்பு தாண்டாது என்பது நம்பிக்கை. பாம்புக்கு அது தெரியாது. பூண்டும் அப்படியே. கார்பாலிக் அமிலத்துக்கும் நம்பத்தக்க பலன் கிடையாது. தோலில் பட்டால் வெந்துபோகும், ஐந்து வயதுக் குழந்தை புரண்டு விளையாடும் இடத்தில் அதைத் திறந்த பாட்டிலில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. நெருப்பும் பாம்பைத் தடுக்காது. பலன் தருபவை சாதாரணமானவை: கட்டில், மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிய கொசுவலை, எப்போதும் மூடியிருக்கும் கூடாரத்து ஜிப், காலில் செருப்பு, கையில் டார்ச், போடுவதற்கு முன் தட்டிய காலணி. தாய்மாமா வீட்டில் கயிற்றுக் கட்டில்கள் இருக்குமே, ஆறையும் களத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. கடித்தது தெரியாமலே தூங்கிவிடுகிறார்கள். காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, வாந்தி, இமை சரிவது, விழுங்கச் சிரமம் என்று எதைக் கண்டாலும் இரவுச் சாப்பாட்டின் மேல் பழியைப் போடாமல் கிளம்பிவிடுங்கள்.

கடித்துவிட்டால் அந்தக் கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டியதுபோல் அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிக்கப் போவது நான்கும் கூடாது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது; ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. (அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம்.) நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மருந்துக்குக் கட்டணமில்லை. அங்கே கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருப்பார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது, சும்மா காக்கவைக்கிறார்கள் என்று சண்டை போட வேண்டாம். வழியில் தனியார் மருத்துவமனைதான் இருக்கிறது என்றால், போலீஸ் வழக்கு என்றோ முன்பணம் என்றோ சொல்லி முதல் சிகிச்சையை மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. உயிர்காக்கும் சிகிச்சை ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கரி அடுப்பைப் பற்றி மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன்: கூடாரத்துக்குள் வேண்டாம். வாசலிலும் வேண்டாம், அணைந்த பிறகும் வேண்டாம். புகை வரவில்லையே என்பது ஆறுதல் அல்ல. கனன்று அடங்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை கனத்து, தூக்கம் வருவதுபோல் வந்து, எழுந்திருக்க முடியாமல் போய்விடும். மூடிய காரில் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான். குளிருக்குக் கம்பளி போதும்.

மகளுக்கு நெருப்பின் புகை ஆகாது. புகை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்புறம் அவளை உட்காரவையுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் நெருப்பருகே வேண்டாம். பரணிலிருந்து எடுக்கும் ஜமக்காளமும் தலையணையும் அதைவிட மோசம்; இரண்டு நாள் முன்பே வெயிலில் போட்டு உதறிவிடுங்கள். இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் குழல்) பெரிய பையின் அடியில் இல்லாமல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். விலாவெலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே காரைக் கிளப்புங்கள்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள்

"கல்யாணத்துக்கு முன்னால் களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்தது, அதற்குப் பிறகு வானத்தைப் பார்த்துத் தூங்கியதே இல்லை" என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னவரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் களத்துக்குப் போவது நியாயமாக எனக்குப் படவில்லை. சர்க்கரை நோய் தடையும் இல்லை. வேண்டியது ஒரே ஒரு ஒழுங்கு: சமையல் முடிந்து, சோறு பரிமாறத் தயாரான பிறகுதான் ஊசி. வீட்டில் எட்டு மணிக்கு ஊசி, எட்டரைக்குச் சாப்பாடு என்று பழகியிருப்பார். தோப்பில் ஈர விறகு பற்றாமல், கொழுந்தனாரின் பிரியாணி பத்தரை வரை தம்மில் இருக்கும். எட்டு மணிக்கே ஊசியைப் போட்டுவிட்டால் ஒன்பதரைக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுத்து, பிறகு சாப்பிடவையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். ஊசி நேரத்தை இப்படி மாற்றுவதை அவருடைய மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலினை ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்து எடுத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உறைந்து போன இன்சுலின் உருகிய பிறகும் வேலை செய்யாது, பார்க்க நன்றாகவே இருந்தாலும். பயன்பாட்டில் இருக்கும் மருந்து, அறையின் சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். வெயிலும் காரின் டேஷ்போர்டும்தான் அதற்கு எதிரி. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சிறு மண்சட்டி வைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் போட்டு ஈரத்துணியால் மூடினால் தோப்பு நிழலில் போதுமான குளிர்ச்சி கிடைக்கும்.

பாதத்தைக் கவனியுங்கள். 14 ஆண்டு சர்க்கரைக்குப் பிறகு பாதத்தில் உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நெருப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, "கதகதப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கொப்புளம் கண்டவர்கள் உண்டு; வலி தெரிந்திருந்தால் காலை இழுத்திருப்பார்கள். அவருடைய நாற்காலி நெருப்பிலிருந்து ஆறடி தள்ளி இருக்கட்டும், வெறுங்கால் கூடாது, படுக்கும் முன் நீங்களே டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுங்கள். தோப்புக் கழிப்பறை குந்தி உட்காருவது என்றால் நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துக் கடைகளில் கிடைக்கும். கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கத்தைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளாவது அதை விட்டுவிடுங்கள்.

தண்ணீர்

காய்ச்சிய தண்ணீர் எடுத்துப் போவது சரி, அதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் தவறு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி வடிவக் குழல் வைத்த சாதாரண வடிகட்டியும் அதைப் பிடிக்காது. நம் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததற்குக் காரணமே நிலத்தடி நீரின் ஃபுளோரைடுதான். ஆனால் அது பல்லையும் எலும்பையும் தாக்குவது ஆண்டுக்கணக்கில் குடிப்பதால். இரண்டு நாள் தோப்புத் தண்ணீரால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டே நாளில் படுக்கவைப்பது வயிற்றுப்போக்கு. வீட்டுக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் காய்ச்சி இரண்டு கேன் எடுத்துக்கொள்ளுங்கள், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து வைத்துக்கொள்ளுங்கள். அணைத் தண்ணீரைக் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ வேண்டாம். அந்த அணைக்கு வரும் தென்பெண்ணையில் ஓசூருக்கு மேலிருந்தே என்னென்ன கலந்து வருகிறது என்பதற்குக் கெலவரப்பள்ளி அணையின் நுரையே சாட்சி.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும் சிறு பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் மழைக்காலத்தை ஒட்டி நம் பக்கம் வருகிறது. ஒரு வாரம் கழித்தும் தொடங்கலாம், மூன்று வாரம் கழித்தும் தொடங்கலாம். புல்லில் உட்கார விரிப்புப் போடுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், மாலையில் குளித்து உடை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பீடி சுட்டதுபோல் கறுத்த சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் கேட்காமலே "தோப்பில் இரண்டு இரவு தங்கினோம்" என்று முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள். சரியான நாளில் தொடங்கினால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கே அந்தக் காய்ச்சல் அடங்கிவிடும்.